சின்னஞ்சிறு பாதங்கள் ஓடட்டும்



கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிக் குருபரப்பள்ளி அமைந்திருக்கிறது. ஒருபுறம் கேழ்வரகுக் கொல்லைகளும் மாந்தோப்புகளும். மறுபுறம் தொழிற்சாலைகளின் நெடிய மதிற்சுவர்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் இப்பகுதியில், விடியற்காலையில் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் பணிக்குச் செல்வதும், பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்வதும் அன்றாடக் காட்சி. அண்மையில் இவ்வூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கூடிய விழாவொன்றில் நாம் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியே இத்திங்கள் நம்மை எழுதத் தூண்டியது.

விழா நாளன்று மாலை சிறுவர் சிறுமியருக்கு ஓட்டப் பந்தயம் நடந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்டோர் வரிசையில் எட்டுப் பிள்ளைகள் நின்றனர். அனைவரும் புத்தாடையில், புதுக் காலணியில். அவர்களுள் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் கால்களில் பளபளக்கும் கனத்த ஷூ. அடிவைக்குந்தோறும் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னிற்று. ஊதல் ஒலித்தது. பத்தடி கடப்பதற்குள் அவள் கால் தடுக்கிக் குப்புற வீழ்ந்தாள். எழுந்தாள், ஓடினாள், மீண்டும் வீழ்ந்தாள். அவளுக்கு அடுத்து நின்ற சிறுவனோ ஊதல் ஒலிக்குமுன்பே தன் ஷூவைக் கழற்றிப் பாட்டியின் மடியில் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு முயல்போல் ஓடி முதலிடம் பெற்றான்.

முழங்காலில் சிராய்ப்போடு அழுத மகளைத் தூக்கிக்கொண்டு தாய் நம்மிடம் வந்தார். பின்னாலேயே மாமியாரும் வந்தார். "சாமி, அந்தக் காலத்தில் நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டா ஓடினோம்? கழற்றிவிட்டு ஓடச் சொல் என்றேன். இவள் கேட்கவில்லை" என்று முறையிட்டார் மூதாட்டி. "உங்களுக்குத்தான் செருப்பு இல்லை அத்தை, என் மகளுக்காவது இருக்கட்டும் என்றுதானே வாங்கினேன்!" என்றார் மருமகள். பிறகு நம்மைப் பார்த்து, "பிள்ளைக்கு ஷூ போட்டது தப்பா, சாமி?" என்று கேட்டார். அவர் கண்களில் நீர் தளும்பி நின்றது.

அத்தாய் பர்கூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலையொன்றில் வேலை பார்ப்பவர். நாள் முழுவதும் பிறர் கால்களுக்குரிய காலணிகளைத் தைப்பவர். தம் மகளுக்கென்று ஊதியத்தில் மிச்சம்பிடித்து, அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரியதாகப் பார்த்து வாங்கியிருந்தார். அவ்விருவருக்கும் நாம் அன்று விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. "அடுத்த முறை வரும்போது சொல்கிறோம், அம்மா" என்று விடைபெற்றோம். பின்னர் எலும்பு மருத்துவர் ஒருவரை அணுகி வினவியும், அவர் காட்டிய ஆய்வுகளைப் படித்தும் தெளிந்தவற்றை ஈண்டு எல்லாக் குடும்பங்களுக்குமாக எழுதுகிறோம்.

பிஞ்சுப் பாதத்தின் அமைப்பு

வளர்ந்த மனிதனின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இரண்டு பாதங்களிலும் சேர்த்து 52. உடலின் எலும்புகள் 206 என்றால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பாதங்களிலேயே அடங்கியிருக்கிறது! ஆனால் கைக்குழந்தையின் பாதத்தில் இவற்றுட் பல இன்னும் எலும்பாக இறுகாத குருத்தெலும்பே. ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் அவை சிறுகச் சிறுகக் கெட்டிப்படுகின்றன. பச்சை மண்பாண்டத்தை எப்படி அழுத்தினால் அப்படி வளையும் அல்லவா? பிஞ்சுப் பாதமும் அத்தகையதே. இறுக்கமான காலணியில் அடைபட்டால், வலி தெரியாமலேயே அது காலணியின் வடிவத்துக்கு இணங்கிப் போகும்.

நம் பாதத்தின் உட்புறத்தில் தரையைத் தொடாத ஒரு வளைவு இருக்கிறது. பாலத்தின் வளைவு பாரத்தைத் தாங்குவதுபோல இது உடலின் பாரத்தைத் தாங்குகிறது. ஓடும்போது அமுங்கி எழுந்து வில்போல் உந்தித் தள்ளுகிறது. குழந்தை பிறக்கும்போது இவ்வளைவு புலப்படாது. அவ்விடத்தைக் கொழுப்புத் திண்டு நிறைத்திருக்கும். ஆதலின் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகளின் பாதம் தட்டையாகத் தோன்றுவது இயற்கை. அது கண்டு தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. நடந்தும் ஓடியும் குதித்தும் ஏறியும் கால்தசைகள் வலுப்பெறப் பெற, ஏறத்தாழ ஆறு வயதுக்குள் வளைவு பெரும்பாலும் உருப்பெறுகிறது.

இதனை வீட்டிலேயே காணலாம். குளித்து வந்த பிள்ளையை ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் ஓர் அடி வைக்கச் சொல்லுங்கள். தரையில் பதியும் சுவட்டில் உட்புறம் குழிந்திருந்தால் வளைவு உண்டு. குழிவின்றி நிறைந்திருந்தால் இன்னும் உருவாகவில்லை. கோகுலாஷ்டமியில் அண்டை வீட்டார் மாக்கோலத்தில் சிறுபாதம் வரைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவட்டிலும் நடுவே இடுப்பு ஒடுங்கித்தானே இருக்கிறது?

மணிப்பால் தந்த சான்று

இப்பொருள்பற்றி உலகெங்கும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று நம் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்து மணிப்பாலில் நடந்தது என்பது நமக்குப் பெருமை. கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் காற்சுவடுகளைப் பதிந்து ஆராய்ந்து, 1992-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணியும் பிள்ளைகளிடையே தட்டைப் பாதம் உடையோர் 100-க்கு 8.6 பேர், வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளிடையே 2.8 பேர் மட்டுமே! அதாவது மும்மடங்கு வேறுபாடு.

இன்னும் ஒன்று கண்டனர். காலணிகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. முன்புறம் மூடிய ஷூ அணிந்தோரிடமே தட்டைப் பாதம் மிகுதி. செருப்பும் வார்ச்செருப்பும் அணிந்தோரிடம் குறைவு. எதுவும் அணியாதோரிடம் மிகக் குறைவு. ஆறு வயதுக்கு முற்பட்ட பருவமே பாதவளைவு அமைவதற்கு முக்கியமான பருவம் என்பதும் அவர்கள் கருத்து.

அதே கல்லூரியிலிருந்து 1995-இல் மற்றோர் ஆய்வு வந்தது. இம்முறை வளர்ச்சி நிறைவுற்ற 1,846 பேரை ஆராய்ந்தனர். 16 வயதுக்குப் பின்னரே காலணி அணியத் தொடங்கியவரிடையே தட்டைப் பாதம் 100-க்கு 2-க்கும் குறைவு. அதற்கு முன்பே தொடங்கியவரிடையே 3-க்குச் சற்று மேல். சிறுவயதில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் காலணியோடு இருந்தவரிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது. காலை ஏழரை மணிக்குப் பள்ளி வாகனம் ஏறி மாலை நான்கரை மணிக்கு இறங்கும் நம் எல்.கே.ஜி. பிள்ளைகளின் காலில் ஷூ எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!

எனினும் ஒன்றை மறவாதிருப்போம். தட்டைப் பாதம் என்பது பெரும்பாலோர்க்கு நோயன்று. வலியின்றி, வேலைக்கும் ஓட்டத்துக்கும் இடையூறின்றி வாழ்நாளெல்லாம் தட்டைப் பாதத்தோடு நடப்போர் பலர். மேலும் இவ்வகை ஆய்வுகள் இரண்டும் ஒருங்கே காணப்படுவதைக் காட்டுமேயன்றி, ஒன்றே மற்றதன் முழுக் காரணம் என்று அறுதியிட்டுக் கூறா. உடற்பருமனுக்கும், பிறவியிலேயே மூட்டுப் பிணையங்கள் தளர்ந்திருப்பதற்கும் இதில் பங்குண்டு. ஆயினும் பிள்ளையின் பாதத்தை ஓயாமல் மூடிவைப்பதில் நன்மையில்லை என்ற எச்சரிக்கை தெளிவு.

ஓடும்போது நிகழ்வது என்ன?

நடப்பதற்கும் ஓடுவதற்கும் வேறுபாடு யாது? நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போதோ இரண்டு பாதங்களும் ஒருகணம் காற்றில் இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் ஓராண்டு நிறைவை ஒட்டி நடக்கத் தொடங்கி, இரண்டு வயதை ஒட்டி ஓடப் பழகுகின்றனர். காற்றில் எழும் ஒவ்வொரு முறையும் எங்கே, எப்படி இறங்குவது என்று மூளை முடிவெடுத்தாக வேண்டும். அதற்குச் செய்தி அனுப்புவது உள்ளங்கால். மண்ணா, கல்லா, ஈரமா, சரிவா என்று உள்ளங்காலின் நரம்புகள் கணந்தோறும் தெரிவிக்கின்றன. கால்விரல்கள் விரிந்து தரையைப் பற்றுகின்றன. கனத்த அடியுள்ள காலணி இச்செய்தியை மங்கச் செய்கிறது.

உணர்வின் அருமையை வேலூர் நமக்குக் கற்பித்தது. 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கால்கள் புண்ணாகித் தேய்வதற்கு, நோய் நேரே சதையைத் தின்பதன்று, உணர்வு மரத்துப் போனதே காரணம் என்று காட்டினார். வலி தெரிவிக்காத கால், தான் மிதிப்பது முள்ளா நெருப்பா என்று அறியாது. ஓடக் கற்கும் பிள்ளைக்கும் தரையை உணரும் உள்ளங்காலே முதல் ஆசிரியர்.

2011-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து ஆய்வாளர்கள், பிள்ளைகளின் நடையும் ஓட்டமும் குறித்து அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். ஷூ அணிந்த பிள்ளைகள் நீண்ட அடிகள் வைத்து விரைந்து நடக்கின்றனர். ஆனால் பாதத்துக்குள் இருக்கவேண்டிய அசைவு குறைகிறது. ஓடும்போது, காற்றில் முன்னோக்கி வீசும் காலின் விரைவு ஷூவினால் குறைகிறது. குதிகாலை முதலில் ஊன்றும் பழக்கம் மிகுகிறது. தரையில் மோதும் அதிர்ச்சியை ஷூ ஓரளவு தணிக்கிறது என்பதும் அவர்கள் கண்டதே. ஆக, ஷூவினால் இழப்பும் உண்டு, ஊதியமும் உண்டு.

காலின் வீச்சு ஏன் குறைகிறது? ஊசற்குண்டை எண்ணிப் பாருங்கள். கயிற்றின் மேல்முனையில் சிறு எடை கூட்டினால் கை உணராது. கீழ்முனையில் கூட்டினால் ஆட்டுவது கடினமாகும். காலின் கடைசி முனையில் தொங்கும் ஷூவின் எடையும் அவ்வாறே. பெரியவருக்கு அது சிறிது. பதினைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கோ பெரிது. அளவில் பெரிய ஷூவானால், தன் கால்விரல் முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஒரு முனை நீண்டிருப்பதைப் பிள்ளை அறியாது. காலைத் தூக்கும்போது அந்த முனை தரையைத் தட்டும். நம் சிறுமி இருமுறை வீழ்ந்ததன் மறைபொருள் இதுவே போலும்!

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலோடு ஓடிப் பழகிய கென்ய நாட்டவர் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதையும், ஷூவோடு ஓடுவோர் பெரும்பாலும் குதிகாலை முதலில் ஊன்றுவதையும் கண்டனர். குதிகால் மோதும்போது எழும் திடீர் அதிர்ச்சி, முன்பாதம் ஊன்றும்போது எழுவதில்லை. ஆனால் 2013-இல் வடகென்யாவின் தாசனாச் மக்களை ஆராய்ந்த பிறிதொரு குழு, வெறுங்காலராயினும் மெதுவாக ஓடுகையில் அவர்களுட் பெரும்பாலோர் குதிகாலையே ஊன்றுவதைக் கண்டது. ஆதலின் எல்லா மக்களுக்கும் ஒரே விதி என்று கொள்வதற்கில்லை.

2018-இல் ஜெர்மனிப் பிள்ளைகளையும் தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வும் இவ்வாறே நடுநிலையானது. வெறுங்காலோடு வளர்ந்த தென்னாப்பிரிக்கப் பிள்ளைகள், குறிப்பாக 6 முதல் 10 வயதினர், நின்ற இடத்திலிருந்து தாவுவதிலும் பின்னோக்கிச் சமநிலை தவறாது நடப்பதிலும் மேம்பட்டிருந்தனர். 20 மீட்டர் விரைவோட்டத்திலோ 11 முதல் 14 வயதுள்ள ஜெர்மனிப் பிள்ளைகள் விஞ்சினர். சிறு பருவத்தில் வெறுங்கால் தரும் பயன் தாவலிலும் சமநிலையிலும் தெரிகிறது. வெறுங்காலரே எப்போதும் வெல்வர் என்பது மட்டும் மெய்யன்று.

வெறுங்காலே போதுமா?

1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றதை மூத்தோர் நினைவு கூர்வர். ஆனால் அதே வீரர் 1964-இல் தோக்கியோவில் காலணி அணிந்து ஓடி, முன்னிலும் குறைந்த நேரத்தில் மீண்டும் தங்கம் வென்றார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நம் மதுரை மாவட்டத்துச் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியின் வளர்ப்பில் உயர்ந்தவர். தொடக்கத்தில் காலணி வாங்க வழியின்றி வெறுங்காலோடே போட்டிகளில் ஓடினார். பயிற்சியாளரின் ஆதரவால் காலணி பெற்று, 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியத் தொடரோட்டக் குழுவில் இடம்பெற்றார். அவர் வெறுங்காலோடு ஓடியது விருப்பத்தால் அன்று, வறுமையால். இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

வெறுங்காலுக்குக் கேடுகளும் உண்டு. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மலத்தால் மாசுற்ற ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுகின்றன. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சி, பிள்ளையைச் சோகையால் வெளிறச் செய்கின்றன. சோகை பிடித்த பிள்ளை எங்கே ஓடும்? அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையை உங்கள் பிள்ளை உட்கொள்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முள் குத்திய புண்வழியே புகுந்து காலை வீங்கச் செய்து சீழ்வடியச் செய்யும் ஒரு கொடிய நோய்க்கு உலக மருத்துவம் "மதுரா பாதம்" என்றே பெயரிட்டிருக்கிறது. 1842-இல் மதுரையில் பணியாற்றிய மருத்துவர் கில் அதனை விவரித்தமையால் வந்த பெயர் அது. வெறுங்காலோடு உழுத நம் முன்னோரின் துன்பம் அப்பெயரில் பதிந்திருக்கிறது.

நம் தொழிற்பகுதியிலோ முள்ளைவிடக் கொடியவை கிடக்கின்றன. இரும்புச் சீவல், கம்பித் துண்டு, உடைந்த பாட்டில், வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை. துருப்பிடித்த ஆணி ஒன்று போதும், இசிவு நோய்க்கு வழி திறக்க. தடுப்பூசி தவறாமல் போடுவதோடு, இத்தகைய இடங்களில் காலணியும் இன்றியமையாதது.

மதிப்பின் சின்னம்

இங்கே மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் செருப்பு வெறும் காற்காப்பு மட்டுமன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் மேற்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கலாகாது என்று தடுத்த கொடுமை தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இருந்தது. இருந்த செருப்பையும் கழற்றிக் கையில் ஏந்தித் தெருவைக் கடந்த தாத்தாக்களின் பேரர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்துத் தாய் தன் மகளின் காலில் பளபளக்கும் ஷூவை மாட்டி அழகு பார்க்கும்போது, "வெறுங்காலே நல்லது" என்று எவரேனும் எளிதாகச் சொல்லிவிட்டால் அது அவர் நெஞ்சைக் குத்தும். "உங்களுக்குத்தான் செருப்பு இல்லை" என்று அந்த மருமகள் சொன்ன சொல்லில் இந்த நூற்றாண்டு நினைவெல்லாம் அடங்கியிருந்தது.

ஆதலின் நாம் சொல்ல விழைவது "காலணி வேண்டா" என்பதன்று. பிள்ளையின் பாதத்துக்கு ஏற்ற காலணி, வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்துக்கு மட்டும் என்பதே. மதிப்பு ஷூவின் கனத்தில் இல்லை. அச்சமின்றி எத்தெருவிலும் ஓடும் உரிமையில் இருக்கிறது.

காலணி வாங்கும்போது

குடும்பத்தாருக்குப் பயன்படும் சில குறிப்புகளைத் தருகிறோம்.

முதலாவது, பிள்ளையை உடன் அழைத்துச் சென்று வாங்குங்கள். மாலையில் பாதம் சற்றே பருத்திருக்கும். அப்போது பிள்ளையை நிற்கவைத்து இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்ப எடுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி போதும். அதற்கு மேல் வேண்டா. அடுத்த ஆண்டுக்கென்று பெரிதாக வாங்கினால், இவ்வாண்டு முழுவதும் பிள்ளை இடறும்.

இரண்டாவது, காலணியைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் எளிதாக வளைய வேண்டும். மரப்பலகைபோல் வளையாதிருந்தால் விட்டுவிடுங்கள். எடை குறைந்ததாக, அடி தட்டையாக, முன்புறம் விரல்கள் விரிய அகலமாக இருக்கட்டும். குதிகால் உயர்ந்த காலணி சிறுமியருக்கு வேண்டவே வேண்டா.

மூன்றாவது, ஓடி விளையாடும் பிள்ளைக்குப் பின்வார் உள்ள செருப்பு நன்று. ஹவாய்ச் செருப்பு வீட்டு வாசலுக்கும் தோட்டத்துக்கும் ஏற்றது. ஓடும்போது காலைவிட்டு நழுவும்.

நான்காவது, மூன்று திங்களுக்கு ஒருமுறை அளவு பாருங்கள். பிள்ளையின் பாதம் விரைந்து வளரும். அண்ணன் அணிந்து தேய்ந்த ஷூ அண்ணனின் காலுக்கே பழகியது. ஒருபக்கம் தேய்ந்திருந்தால் தம்பிக்குக் கொடாதீர்கள்.

ஐந்தாவது, வீட்டினுள் வெறுங்காலோடு விடுங்கள். நாள்தோறும் சிறிது நேரமேனும், கண்ணாடியும் கம்பியும் இல்லாத தூய மண்ணிலோ மணலிலோ வெறுங்காலோடு ஓடட்டும். வீடு திரும்பியதும் கால் கழுவட்டும்.

தட்டைப் பாதம் கண்டு அஞ்சி, "திருத்தும் ஷூ" என்று விற்கப்படுவதற்குப் பெருந்தொகை செலவிடாதீர்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சிறு பிள்ளைகள் 129 பேரைப் பிரிவுகளாக்கி மூன்றாண்டு கண்காணித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய ஷூ அணிந்தோருக்கும் அணியாதோருக்கும் பாதவளைவில் வேறுபாடு காணப்படவில்லை. பிள்ளை நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தோன்றினால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் வலி, நொண்டல், ஒரு காலில் மட்டும் மாறுபாடு, நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாத விறைப்பு ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டுவதில் காலம் தாழ்த்தாதீர்கள்.

பள்ளி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்

ஒழுங்கும் ஒருமைப்பாடும் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சித்திரை வெயிலில் நான்கு வயதுப் பிள்ளையின் காலில் காலுறையும் கறுப்பு ஷூவும் நாள் முழுவதும் ஏன்? ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு வார்ச்செருப்பை அனுமதிக்கலாகாதா? வகுப்பறை வாயிலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வெறுங்காலோடு அமரச் செய்யலாகாதா? கோயிலுக்குள் நுழையுமுன் காலணி கழற்றும் வழக்கம் நம் மக்களுக்குப் புதிதன்றே! விளையாட்டு மைதானத்தை நாள்தோறும் ஒருமுறை பார்வையிட்டுக் கல்லும் கண்ணாடியும் அகற்றினால், பிள்ளைகள் காலணியோடும் ஓடலாம், இல்லாமலும் ஓடலாம்.

இச்செய்திகளோடு அடுத்த முறை அவ்வூருக்குச் சென்றபோது அந்தத் தாயின் இல்லத்துக்கும் போனோம். மாமியார் கேழ்வரகுக் கூழ் கொடுத்து உபசரித்தார். நாம் அறிந்தவற்றை இருவரிடமும் பொறுமையாகச் சொன்னோம். "அத்தை சொன்னதிலும் உண்மை உண்டு, நீங்கள் செய்ததும் அன்பினால்தான்" என்றோம். தாய் எழுந்து அந்த ஷூவை எடுத்து வந்து இரு கைகளாலும் வளைத்துப் பார்த்தார். அது வளையவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்கள் கம்பெனியில் பெரியவர்கள் போடும் ஷூவையே வளைத்துப் பார்க்கிறோம், சாமி. என் பிள்ளையின் ஷூவை மட்டும் வளைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே!" என்றார்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மருமகளின் கையிலிருந்து ஷூவை மெதுவாக வாங்கித் துணியால் துடைத்து அலமாரியின் மேல் வைத்தார். "அவளுக்குக் கால் வளரட்டும். இது விழாவுக்குப் போட்டுக்கொண்டு நிற்க ஆகும். ஓடுவதற்கு வேறு பார்க்கலாம்" என்றார். சிறுமி இதையெல்லாம் கேளாமல், முற்றத்தில் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். ஒருமுறையும் விழவில்லை.

அடுத்த ஆண்டு விழாப் பந்தயத்துக்கு முன்நாள், இளைஞர் குழுவினர் துடைப்பத்தோடும் கூடையோடும் மைதானத்தைச் சுத்தம் செய்வதென்று அன்றே பேசி முடித்தோம். உங்கள் ஊரிலும் அவ்வாறே செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் பரிசு வாங்குமுன் அவர்கள் ஓடும் தரையைப் பாருங்கள். ஷூ வாங்குமுன் அவர்கள் பாதத்தைப் பாருங்கள்.